முகம் இல்லாத கம்ப்யூட்டர்!

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1986-ம் ஆண்டு பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்த டெலஸ்கோப் அங்கே உண்டு. அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். ஏழரை அடிக்கும் மேல்!

ஆராய்ச்சியாளர் இரவெல்லாம் அதில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார் என்று நினைக்காதீர்கள். தனி அறையில் உட்கார்ந்து திரையைத்தான் பார்ப்பார்.

இதே நிறுவனத்தின் இன்னொரு டெலஸ்கோப் லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைப் பெங்களூர் அருகே ஓஸ்கோட்டையில் இருந்தே செயற்கைக்கோள் மூலம் இயக்குகிறார்கள்!

மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்கும் வேலையைச் செய்து தரும் கம்ப்யூட்டர்களுக்கு 'சர்வர்' என்று பெயர். இரும்புச் சட்டத்தில் தட்டுத் தட்டாக அடுக்கி வைப்பார்கள். பெரும்பாலும் திரை இருக்காது.

அது நின்றுபோனால்? கோளாறு என்ன என்று பல சமயம் அது எழுதிக் காட்டும். பார்க்கத்தான் திரை இல்லை!

பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு திரையைக் கொண்டுபோய் மாட்டலாம். அப்போதும் சில சமயம் இருட்டுதான். தனிப் பட அட்டை பொருத்தியிருந்தால், படம் அதன் துளை வழியே போய்விடும். கம்பியை அங்கே மாற்ற வேண்டும். திரையை மாட்டிய பிறகு சர்வரை அணைத்துப் போட்டாலும் படம் வருவது உண்டு.

ஆள் இல்லாத மலை உச்சியில்? அதற்கும் வழி இருக்கிறது. பல சர்வர்களுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. பெரியது மயங்கிக் கிடந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை குட்டி விழித்திருக்கும். திரையில் தெரியவேண்டிய படத்தைத் தொலைவுக்கு அனுப்பும். பெரியதை அணைத்து, மறுபடி எழுப்பும்.

ஆனால் குட்டிக்கு உரிய கம்பியையும் கடவுச்சொல்லையும் முதல் நாளே சரி செய்திருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு, மேகமில்லாத நல்ல இரவில் சர்வர் படுத்துக்கொள்ளும். யாராவது மலையேறி வருவதற்குள் விடிந்துவிடும்.