கடலில் கலக்கும் ஆற்றுநீர் வீணா?

மேட்டூர் அணை நிரம்பி, கொள்ளிடத்தில் உபரிநீர் பாயும் ஆண்டுகளிலெல்லாம் ஒரு குரல் தவறாமல் எழுகிறது: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே! கோடையில் காலிக் குடங்களோடு அலைந்த மக்களின் ஆதங்கம் அது; அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் ஒரு கணக்கும் இருக்கிறது. கழிமுகத்தோடு ஆறு முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் அந்த நீருக்கு வேலையில்லை என்பதே அந்தக் கணக்கு. வங்கக் கடலைப் பற்றிய ஆய்வுகள் இதைத் தவறென்று காட்டுகின்றன. ஆற்றுநீர் கடலிலும் வேலை செய்கிறது. அந்த வேலைக்கு நம் மழையிலும் பங்குண்டு.

அரபிக் கடலும் வங்கக் கடலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைகளில், ஒரே வெயிலில் கிடக்கின்றன. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அரபிக் கடலில் வலுத்த காற்று மேல்நீரைக் கலக்கிவிடுகிறது. சோமாலியக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலேறுகிறது. கடலின் மேற்பரப்பு விரைவில் குளிர்ந்துவிடுகிறது. வங்கக் கடலோ பருவம் முழுவதும் பெரும்பாலும் 28 டிகிரி செல்சியசுக்கு மேலேயே இருக்கிறது. கடல்பரப்பு ஏறத்தாழ 28 டிகிரியைத் தொட்டால்தான் அதன்மேல் பெரிய மேகத்திரள்கள் உருவாக வாய்ப்புண்டு என்று சுலோச்சனா காட்கில், பி.வி. ஜோசப், என்.வி. ஜோஷி ஆகியோர் 1984இல் காட்டியிருந்தனர். வங்கக் கடலின் வெப்பம் ஏன் குறைவதில்லை என்பதற்கு, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஷெனாய், சங்கர், ஷெட்யே 2002இல் ஒரு விளக்கம் தந்தனர். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எனப் பெருநதிகள் கொட்டும் நன்னீரும், நேரடியாகப் பெய்யும் மழையும் சேர்ந்து, கனமான உப்புநீரின்மேல் இலேசான ஓர் அடுக்காக மிதக்கின்றன. அந்த அடுக்கு கடலுக்கு ஒரு மூடியாகிவிடுகிறது. அங்கு வீசும் காற்றுக்கு அதைப் பிளந்து குளிர்நீரை மேலே கொண்டுவரும் வலு போதவில்லை. சூரியன் தரும் வெப்பம் மேலேயே தங்குகிறது.

அந்த வெப்பம் கடல்நீரை ஆவியாக்குகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. ஆவி மேலே சென்று மேகத்துளியாக மாறும்போது அந்த ஆற்றல் அப்படியே காற்றுக்குத் திரும்பக் கிடைக்கிறது. சூடான காற்று உயர எழுகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஓடிவருகிறது. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் மத்திய இந்தியாவரை நகர்ந்து பெய்கின்றன. அந்த மழை மகாநதியாகவும் கோதாவரியாகவும் திரும்பி வந்து, கடலின் நன்னீர் அடுக்கைப் புதுப்பிக்கிறது. மழையால் ஆறு என்பது பள்ளிப் பாடம். ஆற்றாலும் மழை என்பதை அந்தப் பாடத்தோடு சேர்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: கடலில் நேரடியாகப் பெய்யும் மழையே ஏராளம், ஆற்றுநீர் இல்லாவிட்டால் என்ன? மழையின் பங்கு பெரிது என்பது சரிதான். ஆனால் மழை பரவலாக விழுகிறது. ஆற்றுநீர் கடலின் வடக்கிலும் கரையோரத்திலும் குவிகிறது. மழைக்காலம் ஓய்ந்த பிறகும் அது வந்துகொண்டிருக்கிறது. பருவமழைக்குப் பின் இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்தில் உப்புக் குறைந்த நீர் தெற்கு நோக்கி ஓடுவதை அளந்திருக்கிறார்கள். கடலுக்குள் ஓடும் அந்த ஆறு தமிழகக் கரையையும் கடந்து செல்கிறது. இப்படி வரும் வங்கக் கடல் நீர் இலங்கையைச் சுற்றித் தென்கிழக்கு அரபிக் கடலையும் அடைகிறது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் முன் அப்பகுதி மிகவும் சூடேறுவதற்கு இந்த நீரும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நீரோடு மண்ணும் போகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமக்கின்றன. அதன் ஒரு பகுதி டெல்டாவைக் கட்டுகிறது. மீதி இலங்கைக்கும் தெற்கே, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் விசிறியாகப் படிந்திருக்கிறது. அந்த வண்டலோடு இலையும் சருகுமாகப் புதையும் கரிமம் காற்றிலிருந்து நெடுங்காலத்துக்கு விலகிவிடுகிறது. வண்டலையும் வெள்ளத்தையும் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நைல் நதி சான்று. 1960களின் நடுவில் அஸ்வான் உயரணை வெள்ளத்தைத் தடுத்த பின், எகிப்தின் மத்தியதரைக் கடல் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 டன் கிடைத்த மத்தி மீன், சில ஆண்டுகளிலேயே 1,000 டன்னுக்கும் கீழே சரிந்தது. பிற்காலத்தில் மீன்வளம் மீண்டதே என்று கேட்கலாம். மீண்டது உண்மை. ஆனால் அதற்கு வயல்களின் உரமும் நகரங்களின் கழிவுநீரும் கடலுக்குப் போனது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஈட்டை நான் நற்செய்தியாகக் கொள்ள மாட்டேன்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. இதே நன்னீர் அடுக்குதான் மழைக்காலத்துக்குப் பிந்தைய புயல்களுக்கும் தீனி போடுகிறது. புயல் கடந்தாலும் வடக்கு வங்கக் கடலின் மேற்பரப்பு அதிகம் குளிர்வதில்லை. அப்படியானால் நன்னீர் குறைவது நல்லதல்லவா? அல்ல. மழையைக் கொடுக்கும் வெப்பமும் புயலைக் கொடுக்கும் வெப்பமும் ஒன்றே. ஒன்றை மட்டும் குறைக்கும் வழி நம் கையில் இல்லை.

காவிரி ஒன்றைத் தடுத்தால் பருவமழை மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. கங்கையோடு ஒப்பிட்டால் அது சிறிய ஆறு. ஆனாலும் காவிரி முகத்துவாரத்தின் வண்டலும், கரையோரக் கிணறுகளின் உவர்ப்பும் காவிரியின் தனிப் பொறுப்பு. நாடு முழுவதும் ஆறுகளை இணைக்கும் திட்டத்துக்குத்தான் பெரிய கணக்கு வேண்டும். மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பங்கேற்று 2023இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு, அப்படி இணைத்துப் பாசனம் செய்தால், ஏற்கெனவே நீர்ப் பற்றாக்குறை உள்ள சில பகுதிகளில் செப்டம்பர் மழை 12 சதவீதம் வரை குறையலாம் என்றது. அது கணக்கில் எடுத்தது நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான ஈரப் பரிமாற்றத்தை. ஆறுகள் கடலுக்குக் கொடுக்கும் நீர் குறைவதால் வரும் விளைவை அதோடு தனியே கூட்ட வேண்டும். குடிநீருக்கு முதலிடம் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. தடுப்பணையும் ஏரிப் பராமரிப்பும் வேண்டியவைதான். ஆனால் இனி வரும் ஒவ்வொரு பெருந்திட்ட அறிக்கையிலும் கடலின் உப்பு, வண்டல், மீன், மழை ஆகிய நான்குக்கும் கணக்கு இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கைக்கு ஒப்புதல் தரக்கூடாது.