நமக்கே தெரியாமல் நம்மிடம் இருக்கும் பாரபட்சம்



"தோட்டக்காட்டான்" என்ற சொல் டவுனிலோ, பஸ்ஸிலோ, பாடசாலையிலோ நம்மில் பலர் காதில் விழுந்த சொல்தான். சொன்னவரைத் திருப்பிக் கேட்டால், "சும்மாதானே சொன்னேன், மனசுல ஒன்னும் இல்ல" என்பார். அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு கூட்டத்தாரைப் பற்றிய இளக்காரமான எண்ணம், நாம் அறியாமலே சிறு வயதில் மனதில் ஊறிவிடுகிறது. இதை நன்றாக விளங்க வைப்பது அமெரிக்காவில் பொம்மைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு.

கென்னத் கிளார்க், மாமி கிளார்க் இருவரும் கறுப்பினத்தைச் சேர்ந்த கணவன் மனைவி, மனோதத்துவம் படித்தவர்கள். 1940ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், 3 வயது முதல் 7 வயது வரையான 253 கறுப்பினச் சிறார்களுக்கு முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. தோல் நிறமும் முடி நிறமும் மட்டுமே வேறு. "உனக்கு விளையாட விருப்பமான பொம்மையை எடு" என்றபோது மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். "பார்க்க கூடாத பொம்மை எது?" என்றதற்குப் பாதிக்கு மேற்பட்டோர் காட்டியது கறுப்புப் பொம்மையை. கடைசியாக, "உன்னைப் போல இருக்கிற பொம்மை எது?" என்று கேட்டார்கள். சில பிள்ளைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடிவிட்டார்கள்.

மூன்று வயசுப் புள்ளைக்கு இதை யார் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. யார் வேலை வாங்குகிறார், யார் வேலை செய்கிறார், யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை என்று சட்டமே இருந்தது. 1954இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் குறிப்பிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பாடசாலையில் படித்த வடபகுதிச் சிறார்களும் வெள்ளைப் பொம்மையைத்தான் கேட்டார்கள். சட்டத்தைத் திருத்துவது அவசியம். ஆனாலும் மனதில் ஊறியது அதோடு போய்விடுவதில்லை.

நமது கதையும் அப்படித்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்மில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனோம். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. அதற்காகத் "தோட்டக்காட்டான்" என்பது நின்றுவிட்டதா? கொழும்புக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலர், "எந்த ஊர்?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை; "ஹட்டன்" என்றோ "பதுளை" என்றோ சொல்லிச் சமாளிக்கிறார்கள். இதைப் பொய் என்று ஏசுவதில் பிரயோசனம் இல்லை. பொம்மையைப் பார்த்து அழுத பிள்ளையின் வேதனையும் இதுவும் வேறு வேறல்ல.

நாமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. பிள்ளை பிறந்த சேதி வந்ததும் "கறுப்பா, செவப்பா?" என்று கேட்கிறோம். பக்கத்து லயத்துக்காரர் வீட்டில் தண்ணீர் குடிக்கச் சாதி பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டவுனில் நம்ம ஆள் கடையில் நிறை குறைந்தால், "அந்தக் கடைக்காரன் மோசம்" என்போம். சிங்களவர் கடையிலோ முஸ்லிம் கடையிலோ குறைந்தால், "அவங்களே இப்படித்தான்" என்று வாய் தானாகச் சொல்லும். முதலாவது ஓர் ஆளின் குற்றம். மற்றது முழுச் சனத்தின் குற்றமாகிவிடுகிறது. பாரபட்சம் வேலை செய்யும் விதமே இதுதான். பக்கத்தில் நிற்கிற பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

"என்னை ஏம்மா தோட்டக்காட்டான்னு சொல்றாங்க?" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "விடு, கேக்காத மாதிரி இரு" என்று அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்ம ஆட்கள் வந்த கதையைச் சொல்லுங்கள். 1820களில் இருந்து வெள்ளைக்காரத் துரைமார் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வரச் செய்ததையும், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்ததையும், அந்த நடையில் எத்தனையோ பேர் நோயில் செத்ததையும், பிழைத்து வந்தவர்கள் காடு வெட்டி இந்த மலையைத் தோட்டமாக்கியதையும் சொல்லுங்கள். பாட்டன், பாட்டி பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.