முதுகுவலிக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு நோய்

தூத்துக்குடியில் முதுகுவலிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், உப்பளத்தில் குனிந்து உப்பு வாருபவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர் என இக்கரையின் உழைப்பாளர் பலருக்கும் முதுகுவலியும் மூட்டுவலியும் பழகிப்போனவை. 'வேலைதான் காரணம்' என்னும் விடை பெரும்பாலோர்க்குச் சரியானதே. ஆயினும் அவ்விடை எளிதில் கிடைத்துவிடுவதாலேயே வேறொரு நோய் பல்லாண்டுகள் அறியப்படாமல் போகக்கூடும். அத்தகைய நோய்களுள் ஒன்றான அல்காப்டோன்யூரியாவைப் பற்றி இவ்விதழில் விளக்குகிறோம்.

நாம் உண்ணும் புரதத்திலுள்ள டைரோசின், பினைல்அலனின் என்னும் அமினோ அமிலங்கள் உடலில் படிப்படியாகச் சிதைக்கப்படுகின்றன. அதற்குத் தேவையான நொதிகளுள் ஒன்று பிறவியிலேயே செயல்படாதவர்களுக்கு ஹோமோஜென்டிசிக் அமிலம் தேங்குகிறது. அதன் பெரும்பகுதி சிறுநீருடன் வெளியேறி, காற்றுப் பட்டதும் மெல்லக் கறுக்கிறது. எஞ்சியது குருத்தெலும்பிலும் முதுகெலும்புத் தட்டுகளிலும் கருநிறமாகப் படிந்து அவற்றைச் சிதைக்கிறது. இப்படிவு சேரப் பல ஆண்டுகள் ஆவதால், வலி பெரும்பாலும் முப்பது வயதையொட்டியே தொடங்குகிறது.

நோய் அறியப்படாமல் போவதற்குக் காரணங்கள் பல. குழந்தையின் அணையாடையில் தோன்றும் கருங்கறையைத் துணியின் குறையென்று எண்ணிவிடுவோர் உண்டு. கழிப்பறையில் உடனே நீரூற்றிவிடுவதால் நிறமாற்றம் கண்ணில் படுவதில்லை. சிலருடைய சிறுநீர் பல மணி நேரம் கறுக்காமலும் இருக்கும். பழைய பெனடிக்ட் சோதனையில் இந்த அமிலமும் சர்க்கரையைப் போலவே நிறம் காட்டுவதால், சர்க்கரை நோய் என்று தவறாக முடிவு செய்யப்பட்டவர்களும் உண்டு. வளர்ந்தபின் வரும் முதுகுவலி, தட்டுத் தேய்மானம் என்றோ அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றோ கருதப்படுகிறது. மூட்டு அறுவைச் சிகிச்சையின்போது கறுத்த குருத்தெலும்பைக் கண்ட பின்னரே உண்மை வெளிப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இந்நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறுபட்ட மரபணுவைப் பெற்றவர்க்கே வரும். பெற்றோர் நலமாகவே இருப்பர். ஆயினும் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. நோயுற்றோரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினராயிருப்பதை ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். உலக அளவில் மிக அரிதான இந்நோய், தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் கூடுதலாகக் காணப்படுவதை 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இது எவருடைய பழக்கவழக்கத்தாலும் வந்த குறையன்று. சிறிய வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடிக்கும் எச்சமூகத்திலும் இவ்வாறு நேரலாம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் உறவில் மணம் செய்தோர் மருத்துவரிடம் அதைத் தயங்காமல் கூற வேண்டும்.

இன்று இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. நிட்டிசினோன் என்னும் மருந்து அந்த அமிலம் உருவாவதைப் பெருமளவு குறைக்கிறது. 2020ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இதனைப் பெரியவர்களுக்கு ஏற்பளித்தது. இம்மருந்தால் இரத்தத்தில் டைரோசின் உயர்வதால், புரத உணவைக் கட்டுப்படுத்துவதும் கண்களைப் பரிசோதிப்பதும் அவசியம். ஆனால் சிதைந்துபோன மூட்டை எம்மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. காலத்தே அறிவதன் பயன் இதுவே.

எனவே நீங்காத முதுகுவலியுடன் கண்ணின் வெண்பகுதியில் பழுப்புப் புள்ளி, காது மடலில் நீலநிறம், கறுக்கும் சிறுநீர், சிறுநீரகக் கல் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள். சிறுநீர் கறுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டாதலால் அஞ்ச வேண்டாம். சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை அளக்கும் சோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும். ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் வீசிவிடாமல் கொண்டுவாருங்கள். தனித்தனியே பார்த்தபோது பொருளற்றுத் தோன்றியவை, ஒருங்கே வைத்துப் பார்க்கையில் நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.