கார்ல என்ன வாடை அடிக்குது?

"அண்ணே, கார்ல ஏதோ ஸ்மெல் வருதுண்ணே." இப்படி மொட்டையா சொன்னா எந்த மெக்கானிக்கும் அரை நாள் தேடணும். நெடி, கருகல், காந்தல், அழுகல் வாடை, பூஞ்சை வாடைன்னு நம்மகிட்ட தனித்தனிச் சொல்லே இருக்கு. சரியானதைச் சொன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியே வந்திருக்கும், இல்லன்னா தாங்குற அளவுக்கு மேல சூடாகியிருக்கும். பெரும்பாலான வாடைக்குக் காரணம் இந்த ரெண்டுல ஒண்ணுதான். எது காத்திருக்கலாம், எது அவசரம்னு வரிசையா பார்ப்போம்.

வார இறுதி வரைக்கும் பொறுக்கலாம்

ஏசி போட்டதும் காயாத துணி மாதிரி வாடை வருதா? காற்றுல இருக்கிற ஈரம் எவாப்பரேட்டர் மேல தண்ணியா படியும். அது ஒரு குழாய் வழியா காருக்கு அடியில சொட்டணும். குழாய் அடைச்சாலோ, உள்ளே ஈரம் தங்கினாலோ பூஞ்சை பிடிக்கும். குழாயைச் சுத்தம் பண்ணி, கேபின் ஃபில்டரை மாத்துங்க. வண்டியை நிறுத்துறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி ஏசியை அணைச்சு, ஃபேனை மட்டும் ஓட விடுங்க.

இன்னைக்கே காட்டணும்

இனிப்பு வாடை: கூலன்ட் கசியுது. அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால்தான் இனிப்புக்குக் காரணம், ஆனா அது விஷம். முன் கண்ணாடியோட உள்பக்கம் பிசுபிசுன்னு பனி மாதிரி படிஞ்சா, டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற ஹீட்டர் கோர்தான் ஒழுகுது. இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம உள்ளே அழுத்தத்துல இருக்கிற திரவம், திறந்த நொடியில கொதிச்சு முகத்துல அடிக்கும்.

எண்ணெய்க் காந்தல்: வால்வ் கவர் கேஸ்கெட் தேய்ஞ்சு, சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல ஆயில் சொட்டுதான்னு பாருங்க. டிப்ஸ்டிக்ல ஆயில் அளவையும் பாருங்க.

அழுகின முட்டை வாடை: இது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சைலன்சர் பக்கம் வந்தா, பெட்ரோல் கலவை அதிகமாப் போகுது, இல்லன்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல கோளாறு. பிஎஸ்-4 எரிபொருள்ல கந்தகம் 50 பிபிஎம் வரைக்கும் இருக்கலாம், பிஎஸ்-6ல 10தான். அதனால இன்னைக்கு இந்த வாடை வந்தா பெட்ரோல் மேல பழி போடாதீங்க. அதே வாடை பேட்டரி பக்கம் வந்தா ஓவர்சார்ஜ் ஆகுது. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர் 15 வோல்ட்டுக்கு மேல காட்டினா ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் வெளியேறும், பக்கத்துல நெருப்பு கூடாது.

அங்கேயே நிறுத்தணும்

மலை இறங்கும்போது வர்ற கருகல்: ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டிச் சாலையில 36 கொண்டை ஊசி வளைவு. 1200 கிலோ எடையுள்ள கார் 1000 மீட்டர் இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. எம்ஜிஹெச் போட்டா கிட்டத்தட்ட 12 மெகாஜூல். 37 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற ஆற்றல் அது. நியூட்ரல்ல இறக்கினா அதுல பெரும்பகுதி பிரேக்குக்குத்தான் போகும். புது டாட் 4 பிரேக் ஆயிலோட கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி; ஈரம் உறிஞ்சின பிறகு அது 155 வரைக்கும் இறங்கலாம். ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி வரும். பெடலை மிதிச்சா குமிழிதான் அமுங்கும், வண்டி நிக்காது. அதனால வாடை வந்ததும் ஓரமா நிறுத்தி, கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல் வெச்சு ஆற விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் விரிசல் விடலாம். ஏறின கியர்லயே இறங்குறதுதான் சரியான வழி.

பிளாஸ்டிக் கருகல்: ஒயர் எரியுது. எலி கடிச்சிருக்கலாம், ரிலே இல்லாம மாட்டின கூடுதல் லைட்டாவும் இருக்கலாம். இன்ஜினை அணைச்சு எல்லாரும் இறங்குங்க. ஃபியூஸ் போனா பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுறது தீர்வு இல்லை. அதுக்கப்புறம் ஃபியூஸுக்குப் பதிலா ஒயர்தான் எரியும்.

பெட்ரோல் நெடி: மைனஸ் 40 டிகிரியிலயே பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். காற்றை விட கனம்ங்கறதால தரையோட தேங்கி நிக்கும். நிறுத்தின காருக்குள்ள நெடி பலமா அடிச்சா ஸ்டார்ட் பண்ணாதீங்க. எந்த ஸ்விட்சையும் தொடாம கதவைத் திறந்து விட்டு, மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.

வாடையே இல்லாதது

எல்லாத்தையும் விட ஆபத்தானது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல வலுவா ஒட்டிக்கும். சைலன்சர்ல ஓட்டை இருந்து காருக்குள்ள புகை வாடை வந்தா, கூடவே இதுவும் வருதுன்னு அர்த்தம். தலைவலி, குமட்டல் வந்தா உடனே வெளியே வாங்க. நின்னுட்டிருக்கிற கார்ல ஏசி போட்டுத் தூங்குற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. நம்ம மூக்கு சில நிமிஷத்துல எந்த வாடைக்கும் பழகிடும். ஓட்டுறவருக்குத் தெரியாதது, புதுசா ஏறினவருக்கு உடனே தெரியும். "என்னடா வாடை அடிக்குது?"ன்னு யாராவது கேட்டா, பெர்ஃப்யூமை எடுத்து அடிக்காதீங்க. எங்கேயிருந்து வருதுன்னு இறங்கிப் பாருங்க.