பெட்டிக்குள் வெள்ளை உருண்டை

தில்லியில் ஹோலிப் பண்டிகையோடு குளிர் போய்விடும். ஸ்வெட்டர், சால்வை, கம்பளி எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போகும். கூடவே சில வெள்ளை உருண்டைகளும் போகும். நாம் அதை அந்துருண்டை என்போம். பாச்சை உருண்டை, ரசகற்பூரம் என்றும் சொல்வதுண்டு. தில்லிக் கடையில் 'பினாயில் கோலி' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தரை கழுவும் பினாயில் வேறு, இது வேறு. பெயர் அப்படி நிலைத்துவிட்டது.

இதன் பெயர் நாப்தலீன். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது.

உருண்டை நாளுக்கு நாள் சிறுக்கும். கடைசியில் காணாமல் போகும். எங்கே போனது? ஐஸ் உருகித் தண்ணீராகும். இது உருகாமலே ஆவியாகிவிடும். சூடமும் அப்படித்தான். இதைப் பதங்கமாதல் என்பார்கள். அந்த ஆவிதான் பூச்சியைக் கொல்கிறது.

கம்பளியை அரிப்பது பறக்கும் அந்து அல்ல. அதன் புழு. அழுக்கும் வியர்வையும் பட்ட கம்பளி அதற்கு மிகவும் பிடிக்கும். ஆகவே துவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு பெட்டியில் வையுங்கள். நாப்தலீன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். அதனால் உருண்டையைத் துணியில் முடிந்து மேலே வைக்க வேண்டும். பெட்டி நன்றாக மூட வேண்டும். திறந்த அலமாரியில் வைத்தால் பூச்சி சாகாது. நாம்தான் அந்த ஆவியை மூச்சில் இழுப்போம். அரிசி, பருப்பு பக்கத்தில் வைக்கவே கூடாது.

நவம்பரில் மறுபடி குளிர் வரும். பெட்டியைத் திறந்து, எடுத்த கையோடு கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றுவோம். ஆபத்து இங்கேதான்.

சிலருக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் 'ஜி-6-பி-டி' என்ற பொருள் குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது. அவர்களுக்கு நாப்தலீன் உடம்பில் சேர்ந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். முகம் வெளுக்கும். சிறுநீர் கறுக்கும். கண் மஞ்சளாகும். பிறந்த குழந்தைக்குக் காமாலை முற்றினால் மூளையைத் தாக்கும். எண்ணெய் தேய்த்த உடம்பில் நாப்தலீன் இன்னும் வேகமாக இறங்கும். குழந்தைத் துணிக்கு இந்த உருண்டையே வேண்டாம். காய்ந்த வேப்பிலை போடுங்கள். பெரியவர்களும் ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டு உடுத்துவது நல்லது.

குழந்தை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிட்டால்? ஒரே உருண்டைகூட ஆபத்துதான். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விஷம் முறியும் என்று பால் கொடுப்பார்கள். கொடுக்கக் கூடாது. கொழுப்போடு சேர்ந்தால் நாப்தலீன் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். மிச்ச உருண்டையையும் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கெடுதல் ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம்.