கடவுச்சொல் வழியில் எப்படிப் போகிறது?

எங்கோ ஓர் ஊரில் வானிலைத் தகவல் தரும் கணிப்பொறி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதிய சிறு நிரல், இணையத்தின் வழியே அதனிடம் இன்றைய வெப்பநிலையைக் கேட்கிறது. வெப்பநிலை வரவில்லை, 401 என்ற எண் வருகிறது. 'நீ யாரென்று சொல், பிறகு தருகிறேன்' என்பது அதன் பொருள். உங்கள் நிரல் இப்போது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்ப வேண்டும்.

இதற்குரிய முறைகளில் மிக எளியது 'பேசிக்' என்பது. பெயர், ஒரு முக்காற்புள்ளி, கடவுச்சொல் மூன்றையும் வரிசையாக எழுதி, 'பேஸ்-64' முறையில் மாற்றி, வேண்டுகோளின் தலைப்பில் ஒரு வரியாகச் சேர்க்கிறோம். ஒவ்வொரு வேண்டுகோளுடனும் இவ்வரி போகும்.

மாற்றிய வரியைப் பார்த்தால் ஏதோ பரம ரகசியம்போலத் தோன்றும். சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் அப்படி நம்பி, அந்த வரியைச் செய்முறை ஏட்டிலேயே எழுதியிருந்தார்! தாளும் பென்சிலும் எடுத்து அவருடன் உட்கார்ந்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஆங்கில எழுத்துகள் ஏ, பி, சி கணிப்பொறிக்கு 65, 66, 67. ஒவ்வொன்றையும் எட்டு இரும இலக்கங்களாக எழுதினால் மொத்தம் 24 இலக்கங்கள். அவற்றை ஆறு ஆறாக வெட்டுங்கள்: 010000, 010100, 001001, 000011. அதாவது 16, 20, 9, 3. பூச்சியத்தை ஏ என்று கொண்டு எண்ணினால் இவை கியூ, யூ, ஜே, டி. அவ்வளவே! திரும்பி வரச் சாவி எதுவும் வேண்டாம். வந்த வழியே நடந்தால் போதும்.

பத்து நிமிடத்தில் அவருடைய கடவுச்சொல் தாளில் வந்துவிட்டது. வங்கிக் கணக்குக்கும் அதையேதான் வைத்திருந்தாராம்.

பேஸ்-64 பூட்டு அன்று. எழுத்துகள் சிதையாமல் போய்ச் சேர உதவும் உறை மட்டுமே. பூட்டு 'டி.எல்.எஸ்.' என்னும் அடுக்கில் இருக்கிறது. முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால், தலைப்பு வரி உட்பட வேண்டுகோள் முழுவதும் மறையாக்கப்பட்டுச் செல்லும். எதிர்முனையில் இருப்பது உரிய கணிப்பொறிதானா என்பதை அதன் சான்றிதழைக் கொண்டு நிரல் சோதிக்கும். சோதனையில் பிழை வந்தால், சோதனையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்போது பூட்டிய பெட்டி எவர் கையிலும் போய்ச் சேரலாம், சாவியோடு!

மாணவர் அன்று மாலையே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றினார். ஏட்டில் அந்தப் பக்கத்தையும் கிழித்தார்.