குழாய் போட்டது நாம், கையெழுத்து யாருடையது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குள்ளோ குடோனுக்குள்ளோ போய் அண்ணாந்து பார்த்தால், கூரையை ஒட்டி சிவப்பு பெயிண்ட் அடித்த குழாய்கள் ஓடுவது தெரியும். தீப்பிடித்தால் ஆள் வருவதற்குள் தானாகவே தண்ணீரைக் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் குழாய்கள் அவை. அந்தக் குழாயைத் தோளில் சுமந்து மேலே ஏற்றி, மரை போட்டு, சணல் சுற்றி இறுக்கியவர்கள் யார் என்று விசாரித்துப் பார்த்தோம். நாம் பேசியவர்களில் பலர் வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரக் காலனிகளைச் சேர்ந்த நம் பிள்ளைகள்.

தீயோடு நமக்குள்ள உறவு ஊரறிந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. இன்று அதே மக்களின் பிள்ளைகள் அடுத்தவர் கட்டிடத்தில் தீயை அடக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். இதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் வேலை முடிந்து எழுதப்படும் காகிதத்தில் அவர்கள் பெயர் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

இந்தத் தொழிலில் இரண்டு பகுதி. ஒன்று இன்ஸ்டலேஷன்: குழி வெட்டுவது, குழாய் இழுப்பது, வெல்டிங், பம்ப் இறக்குவது. இன்னொன்று கமிஷனிங். போட்டதெல்லாம் தீப்பிடிக்கிற நேரத்தில் உண்மையிலேயே வேலை செய்யுமா என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, அளவுகளை எழுதி, கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது. முதல் பகுதிக்கு நாள் கூலி. இரண்டாவது பகுதிக்கு மாதச் சம்பளம், தங்கும் அறை, ‘சார்’ என்ற விளி. முதல் பகுதியில் நம்மவர்கள் நிறைய. இரண்டாவதில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கமிஷனிங் என்றால் ஏதோ கம்ப்யூட்டர் படித்தவர்கள் செய்யும் மந்திர வேலை என்று நம் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை.

முதலில் ஹைட்ரோ டெஸ்ட். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். ஏழு கிலோவில் ஓடும் லைன் என்றால் பத்தரை கிலோ. இரண்டு மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஏணி போட்டு ஒவ்வொரு சாக்கெட்டாக, எல்போவாகத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பவர் அந்த இணைப்பை இறுக்கிய ஆள்தான். மீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது.

அடுத்தது பம்ப் அறை. ஜாக்கி பம்ப், மின்சார மெயின் பம்ப், கரண்ட் போனால் ஓட டீசல் பம்ப் என்று மூன்று. லைனில் சிறு கசிவால் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் ஜாக்கி ஓடி நிரப்பிவிட்டு நின்றுவிடும். அதற்கும் கீழே இறங்கினால் மெயின் பம்ப் கிளம்பும். மெயின் பம்ப் தானாகக் கிளம்பலாம், தானாக நிற்கக் கூடாது. தீ அணைந்ததா என்று மனிதன் பார்த்துவிட்டுத்தான் கையால் நிறுத்த வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத் தலைகீழாக வயரிங் செய்துவிட்டுப் போன இடங்களும் உண்டு என்கிறார்கள் வேலை தெரிந்தவர்கள். கமிஷனிங் சரியாக நடந்தால் அது அன்றே பிடிபடும். நடக்காவிட்டால் தீப்பிடித்த அன்று தெரியும். பிறகு பம்ப்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஹைட்ரண்டைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே குறைந்தது மூன்றரை கிலோ அழுத்தம் வர வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். உள்ளே நிறமூட்டிய திரவம். சூடேறினால் திரவம் விரிந்து குமிழ் உடையும், தண்ணீர் கொட்டும். சிவப்பு என்றால் 68 டிகிரி, மஞ்சள் 79, பச்சை 93. அந்த இடத்தில் வழக்கமாக ஏறும் உச்ச சூட்டைவிடக் குறைந்தது 30 டிகிரி கூடுதலான குமிழைப் போட வேண்டும் என்பது கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் நின்று குழாய் மாட்டியவனுக்கு அங்கே என்ன சூடு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏசி அறையில் வரைபடம் போட்டவர் சிவப்பு என்று குறித்திருந்தால், இங்கே பச்சை வேண்டும் சார் என்று சொல்லத் தகுந்த ஆள் அவன்தான். ஆனால் ஹெல்பர் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வாயு முறையில் இந்தப் பாகுபாடு உயிர்ப் பிரச்சினை. ஜெனரேட்டர் அறை, மின் அறை போன்ற இடங்களில் கரியமில வாயு சிலிண்டர்களை அடுக்கி வைப்பார்கள். தீயை அணைக்க அறைக் காற்றில் குறைந்தது 34 சதவீதம் அந்த வாயு நிறைய வேண்டும். மனிதனுக்குப் பத்து சதவீதத்திலேயே நினைவு தப்பிவிடும். அதனால் சோதனைக்கு முன் சிலிண்டர் தலையில் இருக்கும் ஆக்சுவேட்டரைக் கழற்றித் தனியே வைத்து, பேனலிலிருந்து சிக்னல் வந்து அது தட்டுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எச்சரிக்கை மணி அடித்தால் அறையில் யார் இருந்தாலும் வெளியே ஓட வேண்டும். இந்தப் பயிற்சி ‘டெக்னீஷியன்’களுக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. அறைக்குள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதோ ஹெல்பர். அவனுக்கு மணி எதற்கு அடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

உத்திரமேரூர் அருகே ஒரு காலனியைச் சேர்ந்த இளைஞர் நம்மிடம் பேசினார். பெயர் வேண்டாம் என்றார், வேலை போய்விடும். ஐ.டி.ஐ.-யில் பிளம்பர் முடித்தவர். சான்றிதழ் இருந்தும் சேர்த்தது ஹெல்பராக. சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி கேட்டது எந்த ஊர் என்று. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: “ஊரா, காலனியா?” உடன் சேர்ந்த இன்னொரு பையன், ஐ.டி.ஐ.கூட முடிக்காதவன், பேனல் வேலைக்கு அனுப்பப்பட்டான். இவருக்கு மண்வெட்டி.

பம்ப் ரூமில் இருந்த வயதான ஃபிட்டர் ஒருவர்தான் இவருக்கு வழி காட்டியிருக்கிறார். “தம்பி, சாயங்காலம் எல்லாரும் போன பிறகு இரு” என்று சொல்லி, பிரஷர் சுவிட்ச் எப்படி வைப்பது, வால்வு எந்தப் பக்கம் திருப்பினால் மணி அடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாராம். இன்று அவர் தனியாகவே ஒரு குடோனை கமிஷனிங் செய்துவிடுவார். சூப்பர்வைசர் பகலில் வந்து, இவர் எழுதிவைத்த அளவுகளைப் படிவத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்.

ஒப்படைக்கும் நாளில் ஒன்று நடந்ததை அவர் சொன்னபோது நமக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எல்லா சோதனையும் முடிந்து மணியும் அடித்துக் காட்டிவிட்டார். கட்டிடத்துப் பொறுப்பாளர் முதுகில் தட்டிப் பாராட்டிவிட்டு, பின்பக்கம் செப்டிக் டேங்க் அடைத்திருக்கிறது, குழாய் வேலைக்காரன்தானே, இறங்கிப் பார்த்துவிடு என்றாராம். இறங்க மாட்டேன், ஆளை இறக்குவது குற்றம் என்று இவர் சொல்லியிருக்கிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. அடுத்த மாதம் அந்தக் கட்டிடத்துப் பராமரிப்பு வேலைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அவருக்குச் சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஆசை இருக்கிறது. தடையாக நிற்பது முதலில் பணம் அல்ல, காகிதம். டெண்டர் போட்டால் முன் அனுபவம் கேட்கிறார்கள். அவர் கை பட்ட வேலைகள் அத்தனையும் கான்ட்ராக்டர் பெயரில், சூப்பர்வைசர் கையெழுத்தில் இருக்கின்றன. இத்தனை வருட உழைப்பைக் காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை.

கேட்டால் கிடைக்கக்கூடிய தாள் அது. வேலையை விட்டுப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பணிச் சான்று தர வேண்டும் என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலேயே உள்ளது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் கேட்டால் அனுபவச் சான்று கொடு என்கிறது. செய்த வேலையின் விவரம் அதில் இருக்க வேண்டும். ‘ஹெல்பர்’ என்று ஒரு சொல்லில் முடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஹைட்ரோ டெஸ்ட், பம்ப் சோதனை, அலாரம் வால்வு என்று எழுதச் சொல்லுங்கள். சான்றிதழே இல்லாமல் வேலை செய்தே கற்றுக்கொண்டவர்களுக்கு, திறனைச் சோதித்து அங்கீகாரம் தரும் ஆர்.பி.எல். முறை மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் ஹெல்பராகச் சேருவதற்குப் பதில் அப்ரென்டிஸாகச் சேர முயல வேண்டும். 1961-ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு உண்டு. தொழிற்சாலை வாசலில் அதை நினைவூட்டுவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

தொழில் தொடங்குவோருக்கு: மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என 2012 கொள்முதல் கொள்கை சொல்கிறது. உத்யம் பதிவு இருந்தால் டெண்டரில் முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய்வரை, கூடவே வட்டியில் 6 சதவீத மானியம். விண்ணப்பத்தை மாவட்ட தொழில் மையத்தில் கேட்கலாம்.

உத்திரமேரூர் இளைஞர் இப்போது ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். தேதி, இடம், குழாய் அளவு, ஏற்றிய அழுத்தம், நின்ற நேரம் எல்லாம் எழுதி, அந்தந்த இடத்து இன்ஜினியரிடம் கீழே ஒரு கையெழுத்து வாங்குகிறார். சிலர் போட மறுக்கிறார்கள், சிலர் சிரித்துக்கொண்டே போடுகிறார்கள். இதுவரை பதினான்கு பக்கம் நிறைந்திருக்கிறது. த்ரெட்டிங் மிஷினுக்கும் ஹைட்ரோ டெஸ்ட் பம்ப்புக்கும் விலைப்புள்ளி வாங்கி அந்த நோட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறார். அவர் காலனியிலிருந்து இன்னும் மூன்று பையன்கள் சாயங்காலங்களில் அவரோடு பம்ப் ரூமில் நிற்கிறார்கள்.